கடலின் மீது பரிவு வளர ஓர் எளிய வழி

கடலைக் காக்க வேண்டும் என்று பொதுவாகச் சொல்வதைவிட, அங்கு வாழும் ஓர் உயிரின் கதையைச் சொல்வதே பிள்ளைகளின் மனத்தைத் தொடும். காவிரிப் படுகையினருக்கு ஆவுளியா எனப்படும் கடற்பசு மிக அருகிலேயே இருக்கிறது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரை அதன் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு 2022-இல் அறிவித்தது. ஓராண்டுக்கு மேல் கருச்சுமந்து, பெரும்பாலும் ஒரே கன்றை ஈன்று, நெடுநாள் பாலூட்டும் அந்தத் தாய், கடற்புல்லையே பெரிதும் நம்பி வாழ்கிறது. தஞ்சாவூர் மாவட்டக் கடலோரத்தில் உள்ள மனோராக் கோட்டைப் பக்கம் செல்லும்போது, அங்குள்ள மீனவப் பெரியவர்களிடம் (நூல்களில் இல்லாததையும் அவர்கள் அறிவார்கள் என்பது என் துணிபு) ஆவுளியாவைப் பற்றிப் பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். வலையில் சிக்கினால் நீர்மட்டத்துக்கு வர இயலாமல் அது மூச்சுத்திணறி இறந்துவிடும் என்பதையும், வலையை அறுத்து அதை விடுவித்த மீனவர்கள் உண்டு என்பதையும் பிள்ளைகளுக்கு மறவாமல் எடுத்துச் சொல்லுங்கள்.