மானுக்கும் ரேஞ்சுக்கும் ஒரே ரைஃபிள்: எப்படித் தேர்ந்தெடுப்பது?

நியூசிலாந்தில் துப்பாக்கி லைசென்ஸ் வாங்கியதும் எல்லோருக்கும் வரும் கேள்வி, வேட்டைக்கு ஒன்று, ரேஞ்சில் (சுடும் பயிற்சித் திடலில்) சுட ஒன்று என இரண்டு வாங்க வேண்டுமா என்பது. வேண்டாம். நான்கு வருடமாக எனக்கு ஒன்றே போதுமானதாக இருக்கிறது. பூட்டு, பெட்டி, பதிவேடு பற்றியெல்லாம் லைசென்ஸ் எடுக்கும்போதே படித்திருப்பீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1. எந்தத் தோட்டா?

.308 வின்செஸ்டர் அல்லது 6.5 கிரீட்மூர். .308 1952-இல் வந்தது. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும். 6.5 கிரீட்மூர் 2007-இல் வந்தது. தோளில் உதை குறைவு. சிவப்பு மானுக்கு இரண்டுமே தாராளம். என் தேர்வு 6.5. ரேஞ்சில் ஒரே காலையில் 40 தோட்டா சுடும்போது அந்த வித்தியாசம் தெரியும். இவற்றைவிட மருந்தும் உதையும் அதிகமான மேக்னம் தோட்டாக்கள் பக்கமே போகாதீர்கள். உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும் நொடியில் கண்ணை மூடும் பழக்கம் வந்துவிட்டால் போக்குவது கஷ்டம்.

2. எந்த ரைஃபிள்?

2019-இல் தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலானவை தடை செய்யப்பட்டன. ஆகவே, போல்ட் என்னும் கைப்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். நான் வைத்திருப்பது ஃபின்லாந்துத் தயாரிப்பான டிக்கா T3x லைட். வெறும் துப்பாக்கி 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. போல்ட் வெண்ணெயில் கத்தி போல ஓடும். கனமான குழல் உள்ள மாடல் ரேஞ்சில் சுகம். ஆனால் மலையேறும்போது ஒவ்வொரு நூறு கிராமும் தோளை அறுக்கும். இலேசான குழலையே வாங்குங்கள், அதன் குணத்தைப் புரிந்துகொண்டு.

3. குழல் சூடு: இங்கேதான் நான் தவறினேன்

முதல் நாள் ரேஞ்சில் பதினைந்து தோட்டாக்களை மூச்சுவிடாமல் சுட்டேன். முதல் மூன்றும் நடுவில் பட்டன. பிறகு ஓட்டைகள் மெல்ல மெல்ல மேலே, வலப்பக்கமாக நகர்ந்தன. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்தான் தப்பு என்று நினைத்து அதன் திருகைத் திருப்பித் திருப்பி மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்தேன். இரண்டு வாரம் கழித்து மலையில் ஒரு பெண்மான், 180 மீட்டர். குண்டு நெஞ்சுக்குக் கீழே போய் மண்ணில் புதைந்தது. கொஞ்சம் மேலே பட்டிருந்தால் கால் உடைந்த மான் ஒன்று காட்டுக்குள் ஓடியிருக்கும். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நடந்தது இதுதான்: மெல்லிய குழல் சூடானால் குண்டு படும் இடம் மாறலாம். நான் சூடான குழலுக்கு ஸ்கோப்பைச் சரிசெய்தேன். மானைச் சுட்டதோ குளிர்ந்த குழலால்.

ஆகவே மூன்று தோட்டா சுடுங்கள். போல்ட்டைத் திறந்து, அறை காலி என்று பார்த்துவிட்டு, துப்பாக்கியை அப்படியே வையுங்கள். குழலைத் தொட்டால் வெதுவெதுப்புக்கூட இருக்கக் கூடாது. அதன் பிறகே அடுத்த மூன்று. காத்திருக்கும் நேரத்தில் தோட்டா இல்லாமல் விசை இழுத்துப் பழகலாம், ரேஞ்ச் அதிகாரி அனுமதித்தால்.

4. ஸ்கோப்

3-9x40 (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 40 மில்லிமீட்டர்) போதும். பெரும்பாலானவற்றில் திருகின் ஒரு கிளிக், குண்டு படும் இடத்தை 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர் நகர்த்தும். அங்கே 5 சென்டிமீட்டர் மேலே படும்படி வைத்தால், 200 மீட்டர் வாக்கில் குறியிலேயே படும். துப்பாக்கியில் மிச்சம் பிடித்தாவது நல்ல பைனாகுலர் வாங்குங்கள். ஸ்கோப் வழியாக மானைத் தேடாதீர்கள். புதருக்குள் அசைவது மனிதனாகவும் இருக்கலாம்.

5. வேட்டைத் தோட்டாவுக்கே சரிசெய்யுங்கள்

பயிற்சிக்கு வாங்கும் மலிவான, முழுக்கச் செம்பு மூடிய குண்டு மானுக்கு ஆகாது. அது விரியாமல் துளைத்துப் போய்விடும், மான் வேதனைப்படும். விரியும் குண்டுதான் வேண்டும். தோட்டா மாறினால் படும் இடமும் மாறும். மலிவானதில் எவ்வளவு வேண்டுமானாலும் பழகுங்கள், சீசனுக்கு முன் கடைசி நாள் மட்டும் வேட்டைத் தோட்டா.

பின்சேர்க்கை: படித்த இருவர், சைலன்சர் மாட்டியதும் குறி தவறுகிறது என்றார்கள். அதன் எடையும் படும் இடத்தை மாற்றும். எப்போதும் மாட்டியபடியே சரிசெய்யுங்கள். சூடான சைலன்சரிலிருந்து எழும் கானலில் குறி நெளிந்தால், மேலே துணியுறை போடுங்கள்.

இப்போது ரேஞ்சுக்குப் போகும்போதெல்லாம் முதல் தோட்டாவை மட்டும் ஒரே அட்டையில் சுடுகிறேன். ஒவ்வொரு ஓட்டைக்கும் பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறேன். பதினொரு ஓட்டைகள், உள்ளங்கைக்குள் மறையும்.