காசு யார் கொடுக்கிறார்கள் என்பதை முதலில் எழுதுங்கள்

மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்றை மூன்று பேர் சேர்ந்து நடத்தினோம். முதல் வருடம் முழுக்க இலவசம். கைக்காசு கரைந்ததும் ஆப்புக்குள் விளம்பரம் போட்டோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நல்ல நினைவூட்டல் நாலு நொடி வேலை. அலாரம் அடிக்கும், மாத்திரையை விழுங்கிவிட்டு 'போட்டாச்சு' பொத்தானைத் தொடுவார்கள், போனைக் கீழே வைத்துவிடுவார்கள். விளம்பரத்துக்கோ ஆள் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். பொத்தானுக்கு மேலே சின்னதாக ஒரு விளம்பரப் பட்டை வைத்தோம். பிறகு அதைக் கொஞ்சம் பெரிதாக்கினோம். பார்வை மங்கிய பெரியவர் ஒருவர் பொத்தான் என்று நினைத்து அதைத் தொட்டிருக்கிறார். எடை குறைக்கும் பவுடர் விற்கும் பக்கம் திறந்திருக்கிறது. மாத்திரை போட்டது பதிவாகவில்லை. அரைமணி கழித்து அலாரம் மறுபடி அடித்தது. அவர் மகள் எங்களுக்கு ஒரே வரிதான் எழுதினார்: "அப்பா இன்னொன்று போடணுமா, வேண்டாமா?"

அந்த வாரம், ஆப்பின் எண்களைக் காட்டும் டேஷ்போர்டில் விளம்பர கிளிக் எண்ணிக்கை ஏறியிருக்கிறது என்று நாங்கள் குஷியாக இருந்தோம்.

நீங்கள் இப்படி ஒன்றைத் தொடங்கும்போதே ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இடப்பக்கம், இதனால் யாருக்கு நன்மை? வலப்பக்கம், யார் காசு கொடுப்பார்? இரண்டு பக்கமும் ஒரே ஆள் என்றால் பிரச்சினை குறைவு. வேறு வேறு ஆள் என்றால் நாளடைவில் வலப்பக்கத்து ஆளுக்குத்தான் வேலை செய்வீர்கள், எவ்வளவு நல்லவராக இருந்தாலும். 1998-இல் கூகுளின் நிறுவனர்கள் லாரி பேஜும் செர்கே பிரின்னும் அதைப் பற்றிய தங்கள் ஆய்வுக் கட்டுரையிலேயே, விளம்பரத்தில் பிழைக்கும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கம் சாயும் என்று எழுதியிருந்தார்கள். 2000-இல் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்வேர்ட்ஸைத் தொடங்கியதும் அவர்களேதான்.

காசு கொடுக்க மனமுள்ளவர் பெரும்பாலும் பக்கத்திலேயே இருப்பார். வரி விளம்பர இணையதளமான கிரெய்க்ஸ்லிஸ்ட் பெரும்பாலான விளம்பரங்களை இலவசமாக விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் தேடும் நிறுவனங்களிடம் கட்டணம் வாங்கியது. எங்களுக்கு அந்த ஆள், கடிதம் எழுதிய மகளேதான். அப்பா 'போட்டாச்சு' தொடாவிட்டால் தொலைவில் இருக்கும் பிள்ளைக்குத் தகவல் போகும். அதற்கு மட்டும் சந்தா. நினைவூட்டல் என்றைக்கும் இலவசம். பட்டையைத் தூக்கிவிட்டோம்.

டேஷ்போர்டையும் மாற்றுங்கள். எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்ற எண்ணை நாங்கள் அழித்தோம். நூறு வேளையில் எத்தனை வேளை மாத்திரை நேரத்துக்குப் போனது என்பதே முதல் எண், வருமானம் அதற்குக் கீழே. அற்பமான மாற்றம்தான், ஆனால் திங்கள்கிழமைக் கூட்டத்தில் பேசும் பேச்சே மாறிவிட்டது.

அடுத்து, எதை விற்கமாட்டீர்கள் என்று ஒரு பட்டியல். கையில் காசு இருக்கும்போதே எழுதிவிடுங்கள். இல்லாதபோது எழுதினால் பட்டியல் சுருங்கிவிடும். எங்கள் பட்டியலின் முதல் வரி: யார் எந்த மருந்து சாப்பிடுகிறார் என்பது யாருக்கும் போகாது. பெயரை நீக்கிவிட்டுத் தரச் சொல்லி ஒரு நிறுவனம் கேட்டது, நல்ல தொகைக்கு. பட்டியல் இல்லாதிருந்தால் ஒரு வாரம் விவாதித்திருப்போம், கடைசியில் கொடுத்தும் இருப்போம் என்றுதான் நினைக்கிறேன்.

வெளி முதலீடு வாங்குவதானால் நோக்கத்தைப் பதிவுப் பத்திரத்திலேயே சேர்க்க முடியுமா என்று வக்கீலிடம் கேளுங்கள். மக்களிடம் நிதி திரட்ட உதவும் இணையதளமான கிக்ஸ்டார்ட்டர் 2015-இல், லாபத்தோடு பொதுநலனையும் நோக்கமாகக் கொண்ட பொதுநல நிறுவனமாகத் தன் பதிவையே மாற்றிக்கொண்டது. சமூகப் பொறுப்போடு நடக்கும் நிறுவனங்களுக்குத் தரும் பி கார்ப் சான்றிதழ் வைத்திருந்த, கைவினைப் பொருள் விற்கும் தளமான எட்ஸி, பங்குச் சந்தைக்குப் போன இரண்டே வருடத்தில், 2017-இல், அதைக் கைவிட்டது. முதலீட்டாளரிடம் ஒன்று மட்டும் நேராகக் கேட்டுவிடுங்கள்: உங்கள் பணம் எந்த வருடத்துக்குள் திரும்ப வேண்டும்? பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் பதில்தான்.

கடைசியாக, சம்பளம். சந்தா வருமானம் பழைய விளம்பர வருமானத்தை எட்டிப்பிடிக்க எங்களுக்கு எட்டு மாதம் ஆனது. அத்தனை மாதம் யார் எவ்வளவு குறைத்துக்கொள்வது, எந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்வது என்பதை முன்கூட்டியே பேசி, எழுதி, பங்காளிகள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். நாங்கள் பேசவில்லை. ஆறாவது மாதம் ஒருவர் விலகினார். வீட்டில் குழந்தை பிறந்திருந்தது. அவர் மேல் தப்பே இல்லை.