கார்க்லூஃப் குன்றுகளில் சைக்கிள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் உள்ள சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தங்கச்சி போன் செய்தாள். கோயில் தமிழ் வகுப்பில் பழக்கம். "அக்கா, எனக்கு நாற்பத்து மூணு வயசாகுது. பள்ளிக்கூடத்தோட சைக்கிளை விட்டாச்சு. நீங்க போற அந்த மிட்லாண்ட்ஸ் பாதையில என்னால ஓட்ட முடியுமா?" என்று கேட்டாள். முடியும் என்றேன். அன்றைக்கு அவளுக்கு ஒரு மணி நேரம் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளைப் போல யோசித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் உதவட்டும்.

நான் சாத்தூர்க்காரி. 2010-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்குக் குடிவந்தேன். மலைச் சைக்கிளில் முதன்முதலாக ஏறியபோது எனக்கு வயது 39. இந்த ஊருக்கு இந்த விளையாட்டில் பெரிய பெயர் உண்டு. 2013-இல் உலகச் சாம்பியன் போட்டி இங்கே காஸ்கேட்ஸில்தான் நடந்தது. இதே ஊரில் பிறந்த கிரெக் மின்னார், முடிவுக்கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் டயரில் காற்று போன பிறகும், டவுன்ஹில் என்ற இறக்க ஓட்டப் பட்டத்தை வென்றார். அந்தப் பாதைகள் வேறு ஆட்களுக்கு. முதல் தடவை வருகிறவர்கள் மிட்லாண்ட்ஸ் பகுதியில் இருக்கும் ஹாவிக் என்ற ஊரைத் தாண்டி கார்க்லூஃப் பக்கம் போங்கள். டர்பனிலிருந்து என்-3 நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

மலை என்ற பேச்சைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். உயரமான டிராகன்ஸ்பர்க் மலைத்தொடர் அங்கிருந்து இன்னும் மேற்கே இருக்கிறது. ஹாவிக்கைச் சுற்றி இருப்பவை பால்பண்ணைப் புல்வெளிகளும் பைன், யூகலிப்டஸ், வாட்டில் தோப்புகளும் போர்த்திய குன்றுகள். கொடைக்கானலில் பார்த்த அதே வாட்டில் மரத்தை இங்கே முதல்முறை பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்ததுபோல இருந்தது. நீண்ட ஏற்றம் அதிகம் இல்லை. ஆனால் சமதளமும் இல்லை. ஏறினால் இறக்கம், இறங்கினால் உடனே அடுத்த ஏற்றம். 25 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு சைக்கிள் மீட்டரைப் பார்த்தால் மொத்தம் ஏறிய உயரம் 500 மீட்டரைத் தாண்டியிருக்கும். அதனால் முதல் நாள் 10 கிலோமீட்டர் போதும். தொடங்கும் இடத்தில் நாள் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பணத்தில்தான் பாதையைப் பராமரிக்கிறார்கள். பச்சை நிறப் பலகை சுலபமான பாதைக்கு. நீலம் நடுத்தரம். சிவப்பும் கறுப்பும் பழகிய கைக்கு. பச்சையில் இரண்டு மூன்று தடவை போன பிறகே நீலத்துக்குப் போங்கள்.

மே முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காலம். தரை கெட்டியாக இருக்கும், வானம் தெளிவாக இருக்கும். காலையில் புல்மேல் உறைபனி படிந்திருக்கும். விரல் மரத்துப்போகும், முழுக் கையுறை அவசியம். கோடையில், அதாவது அக்டோபரிலிருந்து மார்ச் வரை, மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டும். காலை ஆறு மணிக்குக் கிளம்பி பதினொன்றுக்குள் காருக்குத் திரும்பிவிடுவது என் வழக்கம். வழியில் இடி கேட்டால் குன்றின் உச்சியிலும் தனி மரத்தடியிலும் நிற்காதீர்கள். குளிர்காலக் கடைசியில் உள்நாட்டிலிருந்து சூடான வறண்ட காற்று வீசும் நாட்களில் தோப்புகளில் தீப்பிடிக்கும் அபாயம் அதிகம். அப்படிப்பட்ட நாளில் பாதையை மூடியிருந்தால் வாக்குவாதம் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

மழைக்கு மறுநாள் போகலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். 2016 ஜனவரியில் நான் போனேன். செம்மண் களி டயரில் அப்பி, சட்டத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே அடைத்துக்கொண்டது. சக்கரம் சுற்றவில்லை என்று பெடலை ஓங்கி மிதித்ததில் பின் கியரைத் தாங்கும் சின்ன அலுமினியத் துண்டு உடைந்துவிட்டது. ஆறு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே நடந்தேன். பின்னால் திரும்பிப் பார்த்தபோது, என் டயர் கிழித்த தடம் பாதை நடுவில் வாய்க்கால்போலக் கிடந்தது. அடுத்த மழைத் தண்ணீர் அதன் வழியேதான் ஓடும், பாதையை அரிக்கும். யாரோ மண்வெட்டியோடு வந்து வெட்டிய பாதை அது. அன்றைக்கு அதுதான் எனக்கு அதிக வருத்தம். இரண்டு நாள் வெயில் காயட்டும், அப்புறம் போங்கள்.

சைக்கிளுக்காகக் கடன் வாங்காதீர்கள். முன்னால் மட்டும் ஷாக் உள்ள, 29 அங்குலச் சக்கரம் வைத்த, நல்ல டிஸ்க் பிரேக் உள்ள பழைய சைக்கிள் இந்தக் குன்றுகளுக்குத் தாராளம். மிச்சப் பணத்தை டயரிலும் ஹெல்மெட்டிலும் போடுங்கள். டயரைச் சொல்லக் காரணம், நம்மூர் நெருஞ்சி முள் இங்கேயும் இருக்கிறது. 'டபில்கி' என்று ஒரு பெயர் சொல்வார்கள். சாத்தூர் கரிசலில் என் காலில் குத்திய அதே முள். டியூப் வைத்த டயர் அதன்முன் நிற்காது. டியூப்லெஸ் போட்டு உள்ளே சீலன்ட் பால் ஊற்றிவிட்டால் முள் குத்தின ஓட்டையை அதுவே அடைத்துவிடும். வெயிலில் அது காய்ந்துபோகும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்து ஊற்றுங்கள். காற்று அளவு மிக முக்கியம். என் எடை 62 கிலோ. முன்னால் 1.5 பார் (காற்றழுத்த அளவு), பின்னால் 1.7 பார் வைக்கிறேன். கல்லுப்போல் அடித்துவைத்தால் வேரில் பட்டதும் சக்கரம் துள்ளிச் சறுக்கும்.

இனி ஓட்டும் முறை. இதை நிதானமாகப் படியுங்கள். மேடுபள்ள நாட்டில் ஓட்டுவதன் சூட்சுமம் எல்லாம், இறக்கத்தில் கிடைக்கிற வேகத்தை அடுத்த ஏற்றத்துக்கு மிச்சம் வைப்பதில்தான் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் இறக்கம் முழுக்க பிரேக்கைப் பிடித்தபடியே வருவார்கள், பள்ளத்தின் அடியில் வேகம் சுத்தமாகச் செத்துவிடும், எதிர்மேட்டை வெறும் காலால் தள்ளி ஏறி மூச்சு வாங்குவார்கள். பத்து மேட்டில் ஆள் தீர்ந்துபோவார். இதற்குப் பதிலாக, இறங்கத் தொடங்கும்போதே எதிரே உள்ள ஏற்றத்தைப் பாருங்கள். வழி நேராகவும் ஆள் மாடு இல்லாமலும் இருந்தால் கடைசிப் பகுதியில் பிரேக்கை விட்டுவிடுங்கள். அந்த வேகமே பாதி மேடு வரை ஏற்றிவிடும். மிதி கனக்கிறதற்கு முன்பே ஒவ்வொன்றாகக் கியரை இலேசாக்குங்கள். கனத்த பிறகு மாற்றினால் செயின் நறநறவென்று கடித்துக்கொள்ளும்.

சிறுசிறு மேடுகள் அடுத்தடுத்து வந்தால் ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஊஞ்சலில் எந்த இடத்தில் உந்த வேண்டும் என்று யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, உடம்பு தானாகக் கற்றது. இதுவும் அப்படியே. மேட்டிலிருந்து பள்ளத்தில் இறங்கும்போது கையாலும் காலாலும் சைக்கிளைத் தரையோடு அழுத்துங்கள். மேட்டில் ஏறும்போது முழங்கையையும் முழங்காலையும் மடக்கி, சைக்கிளை அதன் போக்கில் மேலே வரவிடுங்கள். ஒரு பெடல்கூட மிதிக்காமல் வேகம் கூடுவதை உணர்வீர்கள். எனக்கு இது பிடிபட ஒரு மாதம் ஆனது. பிடிபட்ட அன்று தோப்புக்குள்ளேயே சத்தம் போட்டுச் சிரித்தேன்.

இறங்கும்போது சீட்டில் உட்காராதீர்கள். இரண்டு பெடலும் சமமாக இருக்க, எழுந்து நின்று, முழங்கையை வெளிப்பக்கம் விரித்து, பார்வையை முன்சக்கரத்தில் வைக்காமல் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள். கண் எங்கே போகிறதோ அங்கேதான் சைக்கிள் போகும். குழியையே பார்த்தால் குழிக்குள்தான். ஒரு விரலால் இரண்டு பிரேக்கையும் மெதுவாகப் பிடியுங்கள். வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்னால் முடிந்துவிட வேண்டும். செங்குத்தான ஏற்றத்தில் சீட்டின் நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி, உட்கார்ந்தபடியே ஏறுங்கள். எழுந்து நின்றால் பின்சக்கரம் பிடி தளர்ந்து வழுக்கும். மரப்பாலங்கள் ஈரமாக இருந்தால் எண்ணெய் தடவியதுபோல இருக்கும். நேராகப் போங்கள், அதன்மேல் பிரேக்கும் வேண்டாம், திருப்பவும் வேண்டாம். மாடு தாண்டாமல் இருக்கத் தரையில் போட்ட இரும்புக் கம்பித் தடுப்புக்கும் இதே விதி.

பாதைகள் போவது பெரும்பாலும் பிறர் நிலத்தில். கதவு மூடியிருந்தால் திறந்து போய் மறுபடி மூடுங்கள். திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள். மாட்டுக் கூட்டம் வந்தால் இறங்கி நடங்கள். வேலைக்குப் போகிறவர்களைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து 'சனிபோனானி' என்று ஜூலு மொழியில் வணக்கம் சொல்லுங்கள். வழி தவறிய ஒருநாள் எனக்குப் பாதை காட்டியது அப்படி வணக்கம் சொல்லிப் பழகிய ஒரு அம்மாதான். புல்வெளிப் பக்கம் கொஞ்சம் நின்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் மூன்று வகைக் கொக்குகளும், அதாவது நீலக் கொக்கு, சாம்பல் கொண்டைக் கொக்கு, தாடிக் கொக்கு, இந்தப் பகுதியில் இருக்கின்றன. ஈர நிலத்தில் இறங்கி அவற்றின் அருகே போகக் கூடாது.

தனியாகப் போகாதீர்கள். குறைந்தது மூன்று பேர். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். செல்போனிலிருந்து அவசர எண் 112, ஆம்புலன்ஸ் 10177. வெயிலுக்காகப் பாதையில் படுத்திருக்கும் பஃப் ஆடர் விரியன் சத்தம் கேட்டாலும் நகராது. பார்த்தால் நின்று, தூரமாகச் சுற்றிப் போங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்கு உப்புப் போட்டு அவித்த சின்ன உருளைக்கிழங்கு. இங்கே பந்தயங்களிலும் அதைத்தான் கொடுப்பார்கள். என் பக்கத்து வீட்டு ஆயா அதோடு மாங்காய் ஊறுகாய் தடவிய ரொட்டிச் சுருளும் கட்டித் தருவார்.

அந்த ஆயாவின் தாத்தா டர்பனுக்கு வடக்கே தொங்காட் பக்கம் கரும்பு வெட்டியவர். 1860 நவம்பர் 16-இல் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளோடு ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்த நாள் தொடங்கி, நம் ஆட்கள் வெட்டிச் சுமந்த வயல்கள் அவை. ஹாவிக் தூரம் என்றால் கடலோர ஊரான பாலிட்டோ அருகே கரும்புக்குள் போகும் பாதைகளில் தொடங்கலாம், அங்கும் குன்றுகள் மென்மையானவை. ஆனால் கரும்பு ஆளுயரம் வளர்ந்த பிறகு வளைவில் எதிரே வருவது தெரியாது. வெட்டு நடக்கும் மாதங்களில், ஏறத்தாழ ஏப்ரலிலிருந்து டிசம்பர் வரை, கரும்பு லாரிகளும் டிராக்டர்களும் அந்த மண் சாலைகளில் ஓடும். மணி அடித்து, இடது ஓரமாகவே போங்கள். நான் அங்கே ஓட்டிவிட்டு வந்த அன்று ஆயா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார், "எந்தப் பக்கம் போனே? ஆத்தைத் தாண்டினியா?" என்று. அந்தத் தடங்களில் நாம் சந்தோஷத்துக்காகப் போக முடிகிறது என்பது எனக்குச் சின்ன விஷயம் இல்லை.

திரும்பி வந்ததும் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள், தலைமுடி எல்லாம் உண்ணி ஏறியிருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கழித்துத் தலைவலி, காய்ச்சல், கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு என்று வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டிப் புல்லுக்குள் போனதைச் சொல்லுங்கள், மருந்துக்குக் கேட்கும். செயினைத் துடைத்து எண்ணெய் விட்ட பிறகு தூங்குங்கள்.

தங்கச்சி வருகிற சனிக்கிழமை வருகிறாள். அவளுக்குப் பச்சைப் பலகை, 10 கிலோமீட்டர். காலை ஆறரைக்கு நான் தொடங்கும் இடத்தில் இருப்பேன், உருளைக்கிழங்கு என் பொறுப்பு.