பாதியில் நிற்கும் ஸ்கிராட்ச் கேமை மறுபடி கையில் எடுப்பது எப்படி

பிளாக்குகளை அடுக்கிக் கேம் செய்யும் ஸ்கிராட்ச் தளத்தில் ஆசை ஆசையாகச் செய்துகொண்டிருந்த கேமைத் திறக்கவே இப்போது உனக்குப் பிடிக்கவில்லையா? நான் பார்த்தவரை இதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்தான். கேம் கைக்கு அடங்காமல் பெரிதாகிவிட்டது, அல்லது ஷேர் செய்தும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. உனக்கு எது என்று முதலில் பார். செய்ய வேண்டியது வேறு வேறு.

முதல் வகைக்கு என் அக்கா மகனைச் சொல்கிறேன். மதுரையில் ஏழாவது படிக்கிறான். மேலிருந்து விழும் கோழி முட்டைகளை ஓடி ஓடிப் பிடிக்கும் கீரிப்பிள்ளை, அதுதான் அவன் கேம். காஸ்ட்யூம் (உருவங்களின் படங்கள்) எல்லாம் அவனே வரைந்தது. அப்புறம் ஒரு கடை, காசு, நிறைய லெவல், கடைசியில் ஒரு பெரிய பாம்பு என்று சேர்த்துக்கொண்டே போனான். ஒரு நாள் கொஞ்ச நேரம் விளையாடியதும் முட்டை விழுவதே நின்றுபோனது. “எனக்கு இது வராது சித்தி, விட்டுடறேன்” என்றான்.

விஷயம் குளோனில் இருந்தது. கேம் ஓடும்போது ஒரு உருவத்திலிருந்து உண்டாகும் நகல்தான் குளோன்; விழும் ஒவ்வொரு முட்டையும் ஒரு குளோன். ஒரு ப்ராஜெக்டில் ஒரே நேரத்தில் 300 குளோன் வரைதான் ஸ்கிராட்ச் அனுமதிக்கும். தரையில் விழுந்த முட்டையை அவன் மறைத்தானே தவிர, அந்தக் குளோனை நீக்கும் பிளாக்கைப் போடவில்லை. மறைந்திருந்தாலும் அது கணக்கில் உண்டு. 300 நிரம்பியதும் புது முட்டை வராது. ஒரு பிளாக் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆர்வம் போய்விட்டது என்று பிள்ளைகள் சொல்லும்போது, பல நேரம் அடியில் இப்படி ஒரு பக் (பிழை) கண்டுபிடிக்கப்படாமல் கிடக்கிறது.

அதைப் பிடிக்க, ஃபைல் மெனுவில் போய் ப்ராஜெக்டை நகல் எடு. நகலில் சம்பந்தமில்லாத ஸ்பிரைட்களை (கேமில் வரும் உருவங்களை) ஒவ்வொன்றாக அழித்து, ஒவ்வொரு முறையும் கேமைத் தொடங்கும் பச்சைக் கொடியை அழுத்திப் பார். எதை எடுத்ததும் தொல்லை நிற்கிறதோ அங்கே தேடு. மூலம் பத்திரமாக இருப்பதால் பயமில்லாமல் அழிக்கலாம்.

அடுத்து, அதே நகலில் ஒரே ஒரு லெவலை மட்டும் வைத்துக்கொள். கடையும் பாம்பும் காத்திருக்கட்டும். குதிக்கும் வேகத்தையும் ஈர்ப்பையும் தனித்தனி வேரியபிளில் (மாற்றக்கூடிய எண்ணை வைக்கும் இடத்தில்) வைத்து, ஸ்டேஜில் (கேம் ஓடும் திரையில்) தெரியும் அந்தப் பெட்டிகள்மேல் வலது கிளிக் செய்து ஸ்லைடராக மாற்று. கேம் ஓடும்போதே இழுத்துப் பார். கீரி ஒரு நேரம் மிதக்கும், ஒரு நேரம் தொப்பென்று விழும். சரியான குதி எது என்று விரல் சொல்லிவிடும். என் அக்கா மகன் முகத்தில் சிரிப்பு திரும்பியது இங்கேதான்.

யாரும் பார்க்கவில்லை என்கிற வருத்தம் வேறு மாதிரி. அது நிஜமான வருத்தம், சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியல் ஆய்வாளர்கள், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகளைக் கவனித்தார்கள். வரைந்தால் பரிசு உண்டு என்று முன்பே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பிற்பாடு சும்மா இருக்கும் நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு கிடைத்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஸ்கிராட்சில் பிடித்தவர்கள் அழுத்தும் ஹார்ட் எண்ணிக்கைக்காகவே கேம் செய்தாலும் ஆசை இப்படித்தான் தேயும் என்று நான் நம்புகிறேன்.

அதனால் ஷேர் செய்தபின் சில நாள் அந்தப் பக்கத்தைத் திறக்காதே. பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ தம்பி தங்கையையோ உட்காரவைத்து விளையாடக் கொடு. வாயைத் திறந்து உதவாதே. எங்கே தோற்கிறார்கள், எங்கே “இன்னொரு தடவை” என்கிறார்கள் என்று குறித்துக்கொள். அடுத்து என்ன செய்வது என்பதற்கு அந்தக் குறிப்பே போதும். ஸ்கிராட்சிலும் நீ முதலில் மற்றவர்கள் கேமை விளையாடு, உள்ளே திறந்து பிளாக்குகளைப் பார், பிடித்த ஒன்றைக் குறிப்பாகச் சொல்லிக் கமெண்ட் போடு. “என் கேமையும் பாருங்க” என்று ஊர் முழுக்க ஒட்டிக்கொண்டு போகாதே. யாராவது புண்படுத்தும்படி எழுதினால் ரிப்போர்ட் செய். அந்த ப்ராஜெக்டில் கமெண்டையே மூடியும் வைக்கலாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. “இதனால் மார்க் வருமா?” என்று கேட்காதீர்கள். “எனக்கு விளையாடக் கொடு” என்று கேட்டு உட்காருங்கள்.

இவ்வளவும் செய்தும் அந்த கேம் பிடிக்கவில்லையா? விட்டுவிடலாம், தப்பில்லை. கணினியில் ஒரு நகல் சேமித்துவை. பிடித்த ஸ்பிரைட்டையும் ஸ்கிரிப்டையும் (பிளாக் தொகுப்பையும்) எடிட்டரின் கீழே உள்ள பேக்பேக்கில் இழுத்துப் போட்டால் அடுத்த ப்ராஜெக்டில் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பாதி கேமையே ஷேர் செய்து, “ஒரு லெவல்தான் இருக்கிறது, ரீமிக்ஸ் செய்யுங்கள்” என்று குறிப்பில் எழுதலாம். யாராவது ரீமிக்ஸ் செய்தால், அதாவது அதை எடுத்துத் தங்கள் வழியில் மாற்றினால், மூலம் உன்னுடையது என்று அந்தப் பக்கத்திலேயே தானாகத் தெரியும்.