கூட்டம் திடீர்னு எப்படி சேருது? கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கற வழி

கிழக்கு ஜெர்மனி லைப்சிக்ல 1989 அக்டோபர் 2 திங்கக்கிழமை அரசாங்கத்த எதிர்த்து நடந்த ஊர்வலத்துக்கு வந்தது சுமார் 20,000 பேர், அடுத்த திங்கள் 70,000. ஒரே வாரத்துல அந்த 50,000 பேருக்கும் புதுசாவா கோவம் வந்துருக்கும்? இதைப் படிக்கணும்னா மொதல்ல ஒரு பேப்பர் எடுங்க.

100 பேருக்கு ஆளுக்கொரு நம்பர் குடுங்க, 'இத்தன பேர் போராட எறங்குனா நானும் எறங்குவேன்'ங்கற நம்பர், 0லேர்ந்து 99 வரைக்கும். 0காரர் யாருக்கும் காத்திருக்க மாட்டாரு, அவரப் பாத்து 1, அப்புறம் 2, இப்படியே நூறு பேரும் தெருவுல. இப்ப அந்த 1ஐ அடிச்சுட்டு 2ன்னு மாத்தி மறுபடி ஓட்டுங்க. 0காரர் தன்னந்தனியா நிப்பாரு, அவ்ளோதான். சராசரி எடுத்தா ரெண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்! சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர் 1978ல சொன்னது இது. என் முடிவு உங்க முடிவப் பொறுத்து, உங்களது என்னோடதப் பொறுத்து, ஒருத்தர் முடிவு இன்னொருத்தர் முடிவப் பொறுத்து எப்படி மாறுதுன்னு ஆராயற கேம் தியரியோட உயிரே அதான், அதனால இந்த இடத்துல அவசரப்படாதீங்க.

அப்புறம் நெட்லோகோ, இந்த மாதிரி கூட்டத்த கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாக்கற சாஃப்ட்வேர், காசு கிடையாது. மாடல்ஸ் லைப்ரரில சோஷியல் சயின்ஸுக்குக் கீழ ரெபெலியன்னு (கலகம்) இருக்கும், ஆராய்ச்சியாளர் ஜோஷுவா எப்ஸ்டீனோட மாடல். பச்சை சும்மா இருக்கறவங்க, சிவப்பு எறங்குனவங்க, நீலம் போலீஸ். 1லேர்ந்து அரசாங்கத்து மேல இருக்கற நம்பிக்கையக் கழிச்சு, அத ஒருத்தரோட கஷ்டத்தால பெருக்குனா மனக்குறை. அதுலேர்ந்து மாட்டிக்குவோமோங்கற பயத்தக் கழிச்சு மிச்சம் 0.1ஐத் தாண்டுனா ஆள் சிவப்பு. பக்கத்துல போலீஸ் கூடுனா பயம் கூடும், சிவப்பு கூடுனா குறையும்.

நம்பிக்கை ஸ்லைடர 0.9லேர்ந்து கொஞ்சங்கொஞ்சமா எறக்கிப் பாருங்க, அடுத்த தடவை மறுபடி 0.9ல வச்சு செட்டப் அமுக்கி ஓட்டிட்டு ஒரே அடியா 0.7க்குத் தள்ளுங்க. எப்ஸ்டீன் 2002லயே காட்டிட்டாரு, மெல்ல எறங்குனா கோவக்காரங்க ஒவ்வொருத்தரா ஜெயிலுக்குப் போயிடறாங்க, கூட்டமே சேராது, திடீர்னு எறங்குனா எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்பறாங்க, போலீஸால சமாளிக்க முடியாது.

ஒரு தடவை ஓட்டிட்டு முடிவுக்கு வராதீங்க. டெஸ்க்டாப் வெர்ஷன்ல பிஹேவியர்ஸ்பேஸ்னு மாடல பல தடவ தானா ஓட்டற டூல் இருக்கு, ஒரே செட்டிங்ல 50 தடவையாவது ஓட்டுங்க, எத்தன தடவ வெடிச்சுது எத்தன தடவ அமுங்கிடுச்சுன்னு எண்ணுங்க. லைப்சிக்கோட ஒப்பிடறப்ப தலை எண்ணிக்கைய விடுங்க, எறங்குனவங்க எண்ணிக்கையக் காட்டற கிராஃப்ல ரொம்ப நாள் தரையோட கெடந்த கோடு எந்த எடத்துல செங்குத்தா ஏறுதுன்னு மட்டும் பாருங்க.