வங்கிக் கணக்கு தொடங்கும்முன் ஆவணங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பை நிறைய ஆவணங்களோடு வங்கிக்குப் போய், ஒரே ஒரு எழுத்துக்காகத் திரும்பி வந்தவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். நானும் அப்படி வந்திருக்கிறேன். அடையாள ஆவணத்தில் என் முழுப்பெயர், முகவரிக்காகக் கொண்டுபோன மின்கட்டண ரசீதில் இனிஷியலோடு சுருக்கிய பெயர். இரண்டும் நான்தான் என்பது எனக்குத் தெரியும், கவுன்டரில் இருந்தவருக்கு எப்படித் தெரியும்?

வங்கிக்காரர் வேண்டுமென்று இழுத்தடிக்கவில்லை. குற்றத்தில் வந்த பணத்தை நேர்மையான பணம்போல மாற்றும் பணச்சலவையைத் தடுப்பதற்காக 1989-இல் அமைக்கப்பட்ட எஃப்ஏடிஎஃப் என்ற சர்வதேச அமைப்பின் தரநிலைகளை ஒட்டித்தான் பெரும்பாலான நாடுகள் தங்கள் விதிகளை வைத்திருக்கின்றன. அதன்படி பெயரில்லாத கணக்கோ கற்பனைப் பெயரில் கணக்கோ வங்கி வைத்திருக்கக் கூடாது; கணக்கு மூடிய பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் உங்கள் அடையாளப் பதிவுகளைப் பாதுகாக்க வேண்டும். நீங்கள் கொடுக்கும் காகிதத்தை இன்னொருவர் பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் அது உங்களைத்தான் காட்டவேண்டும். இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

அதனால் போவதற்கு ஒரு வாரம் முன்பே எல்லா ஆவணங்களையும் மேசையில் பரப்பி, பெயர், பிறந்த தேதி, முகவரி இந்த மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் இனிஷியல் முன்னால் இருக்கும், இன்னொன்றில் பின்னால் இருக்கும், மூன்றாவதில் அது விரிந்து அப்பா பெயராக நிற்கும். திருமணத்துக்குப் பிறகு பெயர் மாறியிருந்தால் பழைய பெயரையும் புதிய பெயரையும் இணைக்கும் ஒரு காகிதம் வேண்டும், திருமணச் சான்றிதழோ பெயர் மாற்ற ஆவணமோ. அது கையில் இல்லாமல் "இரண்டும் நான்தான்" என்று வாயால் சொல்வது எடுபடாது. தேதியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது: 03/04 என்பது சில நாடுகளில் ஏப்ரல் 3, சில நாடுகளில் மார்ச் 4. விண்ணப்பத்தில் எந்த வரிசை கேட்கிறார்கள் என்று பார்த்து நிரப்புங்கள். விண்ணப்பத்தில் பெயரை எழுதும்போது நீங்கள் வழக்கமாக எழுதும் விதத்தை விட்டுவிட்டு, அடையாள ஆவணத்தில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதுங்கள்.

அடுத்தது முகவரி. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் ஒன்றுதான் என்று நினைத்துப் போகிறவர்கள் பலர், ஆனால் பல வங்கிகள் இரண்டையும் தனித்தனி ஆவணங்களாகக் கேட்கும். முகவரிச் சான்று பழசாக இருக்கக் கூடாது. கடந்த 3 மாதத்துக்குள் வந்த ரசீதாக இருக்க வேண்டும் என்று கேட்பது சகஜம். மொபைல் பில்லைப் பல இடங்களில் ஏற்பதில்லை, அஞ்சல் பெட்டி எண்ணை வசிப்பிட முகவரியாகக் கொடுக்கவும் முடியாது. வீட்டு ரசீதெல்லாம் வேறொருவர் பெயரில் வருகிறதா? வாடகை ஒப்பந்தம், வேலை செய்யும் இடத்திலிருந்தோ படிக்கும் இடத்திலிருந்தோ ஒரு கடிதம் என்று மாற்று வழிகள் இருக்கின்றன. எது செல்லும் என்று அந்தக் கிளையிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள், ஒரு போன் போதும்.

ஆன்லைனில் அனுப்புகிறவர்கள் படம் எடுப்பதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். ஓரம் வெட்டுப்பட்டது, ஃபிளாஷ் பட்டு வெளுத்தது, அட்டையின் பின்பக்கத்தை விட்டது, நகலையே மறுபடி படம் எடுத்தது... பாஸ்போர்ட்டில் படம் இருக்கும் பக்கத்தின் அடியில் தலா 44 எழுத்துகள் கொண்ட இரண்டு வரிகள் இருக்கும், அது இயந்திரம் படிப்பதற்கானது. அதை மறைத்து விரலை வைத்துப் படம் எடுத்தால் நிராகரிக்கப்பட வாய்ப்பு அதிகம். அப்புறம், காலாவதி தேதியைப் பாருங்கள். முடிந்துபோன ஆவணம் பொதுவாகச் செல்லாது.

வரி பற்றிய கேள்வியைப் பலர் அவசரத்தில் தாண்டிவிடுகிறார்கள். எந்த நாட்டில் வரி செலுத்தக் கடமைப்பட்டவர் என்பதும் எந்த நாட்டுக் குடிமகன் என்பதும் வேறு வேறு. பொருளாதார ஒத்துழைப்புக்கான நாடுகளின் அமைப்பான ஓஇசிடி 2014-இல் ஏற்றுக்கொண்ட சிஆர்எஸ் என்ற தகவல் பரிமாற்ற முறைப்படி, வெளிநாட்டில் வரி செலுத்தக் கடமைப்பட்டவர்களின் கணக்கு விவரத்தை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் பரிமாறிக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கின்றன; அமெரிக்கர்களின் வெளிநாட்டுக் கணக்குகளை அந்த நாட்டு வரித்துறைக்குத் தெரிவிக்கச் சொல்லும், 2010-இல் வந்த ஃபாட்கா சட்டம் தனியாக இருக்கிறது. வேறு நாட்டில் வரி எண் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். பணம் எங்கிருந்து வரும், மாதம் தோராயமாக எவ்வளவு புழங்கும் என்ற கேள்விக்கும் இதே பதில்தான். 'சுயதொழில்' என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் என்ன தொழில் என்று எழுதுங்கள். குறைத்துச் சொல்லிவிட்டு அடுத்த மாதமே பெரிய தொகை வந்தால் வங்கி அதை நிறுத்திவைத்து விளக்கம் கேட்கலாம்.

வெளிநாட்டு ஆவணம் என்றால் சான்று பெற்ற மொழிபெயர்ப்பு கேட்பார்கள், சில நேரம் அப்போஸ்டில் முத்திரையும். ஒரு நாட்டின் ஆவணம் இன்னொரு நாட்டிலும் ஏற்கப்படுவதற்காக, 1961 ஹேக் உடன்படிக்கைப்படி ஆவணம் தந்த நாட்டின் அதிகாரிகள் தருவது இது. அது கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும்தான் சொல்லும், உள்ளே எழுதியிருப்பது சரி என்று சொல்லாது. இதற்கு நாள் பிடிக்கும், முதலில் தொடங்க வேண்டிய வேலை இதுதான்.

போன் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவே இருக்கட்டும். உறவினரின் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி அவருக்குப் போகும். அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டு வேலை மாறினால் கணக்குக்குள் நுழையவே திண்டாட வேண்டும்.

கொடுக்கும் ஒவ்வொரு நகலிலும் குறுக்கே "கணக்கு தொடங்க மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கையெழுத்திடுங்கள், முகமும் எண்களும் மறையாதபடி. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுத் தருவது, ஆவணப் படங்களை யாரோ ஒரு ஏஜெண்டுக்கு மெசேஜில் அனுப்புவது, "உங்கள் பேரில் ஒரு கணக்கு திறந்து கொடுங்கள், நான் பயன்படுத்திக்கொள்கிறேன்" என்பவருக்கு உதவுவது, இந்த மூன்றையும் தயவுசெய்து செய்யாதீர்கள். திருட்டுப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போனால் விசாரணைக்கு அழைக்கப்படுவது நீங்கள்தான்.

கணக்கு திறந்த பிறகு அந்தக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சில வருடம் கழித்து விவரங்களைப் புதுப்பிக்கச் சொல்லி வங்கி கேட்கும், அந்தக் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டதால் கணக்கு முடங்கிப்போனவர்களும் இருக்கிறார்கள்.