பிறந்த ஊரை ஐகான் முறையில் தீட்டுதல்

ஊரைவிட்டு வந்தவர் தம் ஊரை வரையும்போது, நினைவிலுள்ள வீட்டையும் வேலியையும் கண்ணால் கண்டபடியே வரைந்துவிட முயல்வது இயல்பு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்கு வந்த நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் வரைந்தேன். அவை யாருடைய ஊராகவும் இருக்கக்கூடிய படங்களாகவே அமைந்தன. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவத் திருச்சபையினர் வழிபாட்டுக்காகத் தீட்டும் திருவுருவப் படங்களான ஐகான்களின் முறையைக் கற்ற பிறகே என் கை மாறியது. அம்முறையில் தீட்ட விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பலகை. ஐகானுக்கு மரப்பலகையின்மேல் துணி ஒட்டி, சுண்ணக்கட்டித் தூளையும் விலங்குப் பசையையும் கலந்து பல மெல்லிய பூச்சுகள் இட்டு, பளிங்குபோலத் தேய்ப்பார்கள். தஞ்சாவூர் ஓவியர்கள் பலாப்பலகையில் செய்யும் வேலையும் ஏறக்குறைய இதுவே என்பதால், அப்பலகை செய்பவரிடமே சொல்லிச் செய்துகொள்ளலாம். பூச்சு ஈரத்தை உறிஞ்சுவதாக இருக்க வேண்டும். அக்ரிலிக் பூசிய பலகையில், முட்டையின் மஞ்சள் கருவில் குழைத்துத் தீட்டும் ஐகான் வண்ணம் சரியாகப் பிடிக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சு எளிதில் உலராது, பசையும் கெடும் என்பதால், இவ்வேலையைப் பங்குனி, சித்திரைக்கு ஒதுக்கிவையுங்கள்.

வண்ணத்துக்கு உங்கள் ஊர் மண்ணிலிருந்தே தொடங்கலாம். எனக்கு அது யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதிச் செம்மண். மண்ணை இடித்து, நீரில் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேலே கலங்கி நிற்கும் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் வடித்துத் தெளியவிட்டால், அடியில் படியும் நுண்துகளே வண்ணப்பொடி. முட்டையின் மஞ்சள் கருவை வெண்கரு ஒட்டாமல் பிரித்து, அதன் தோலைக் குத்திச் சாற்றை மட்டும் எடுத்து, ஏறக்குறைய சம அளவு நீர் சேர்த்து, அரைத்த பொடியுடன் குழையுங்கள். சென்னை வெக்கையில் இது அன்றன்றைக்கே கெட்டுவிடும். ஒருவேளைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். வெள்ளைக்கு நச்சுள்ள ஈய வெள்ளையைத் தவிர்த்து, டைட்டானியம் வெள்ளையைப் பயன்படுத்துங்கள்.

இனி முறையின் உயிரான பகுதி. ஐகானில் முகத்தை முதலில் இருண்ட பசும்பழுப்பால் நிரப்பி, அதன்மேல் படிப்படியாக வெளிச்சத்தை ஏற்றுகிறார்கள். ஒளி வெளியிலிருந்து விழுவதில்லை என்பதால் தரையில் நிழலும் விழுவதில்லை. பனையையும் கிணற்றையும் இப்படித் தீட்டிப் பாருங்கள்: எந்த நாளின் எந்த மணி என்ற கேள்வியே படத்திலிருந்து நீங்கிவிடும். அதுபோலவே, தொலைவில் செல்லும் கோடுகள் ஐகானில் குறுகாமல் விரிந்துபோகும். அவை கூடும் புள்ளி படத்துக்குள் இல்லை, பார்ப்பவர் நிற்கும் இடத்தில் இருக்கிறது. வீட்டு முற்றத்தை இவ்வாறு வரைந்தபோதுதான், நான் பிரிந்துவந்த இடம் என்னை நோக்கித் திறந்திருப்பதாக முதன்முதலில் உணர்ந்தேன்.

தங்க ரேக்கில் மட்டும் அவசரம் வேண்டாம். ஐகானில் தங்கம் இறைவனின் ஒளியைக் குறிப்பது. அதை அலங்காரமாக எடுத்துக்கொள்வதும், பிடித்த தலைவரின் தலைக்குப் பின்னே ஒளிவட்டம் இடுவதும் பிறர் வழிபாட்டை அவமதிப்பதாகவே நான் கருதுகிறேன். நான் பின்புலத்துக்குச் செம்மண்ணையே பூசுகிறேன்.

கடைசியில் பெயர். படத்திலுள்ளவரின் பெயரை எழுதாமல் ஐகான் நிறைவு பெறுவதில்லை. 1541-இல் கிரீட் தீவில் பிறந்து, ஐகான் ஓவியராகப் பயின்று, ஸ்பெயினின் டொலேடோவில் குடியேறி, 1614-இல் அங்கேயே இறந்த எல் கிரேக்கோ, தம் இயற்பெயரைக் கிரேக்க எழுத்திலேயே ஒப்பமிட்டார்; சில படங்களில் ‘கிரீட்டான்’ என்றும் சேர்த்தார். சென்னைப் பாரிமுனையில் 1772-இல் கட்டப்பட்ட ஆர்மீனியத் தேவாலயத்துக்குச் சென்றால், வந்த ஊரில் மாண்டவர்கள் தம் சொந்த எழுத்தைக் கல்லறையில் விட்டுச்சென்றிருப்பதைக் காணலாம். உங்கள் பலகையிலும் மேல் விளிம்பில் ஊர்ப்பெயரை எழுதுங்கள். வரைபடத்தில் அச்சிட்ட பெயரை அல்ல, உங்கள் வீட்டில் அந்த ஊரைச் சொல்லி அழைத்த பெயரை.